மாரியாயி பேசிய பக்கம்

“அவள் தலையை நிமிர்த்தினாள். மழை பிடித்துக்கொண்டது.”

இந்த இரண்டு வசனங்களையும் ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்துவிட்டு டொக்டர் கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவின் ஓரத்தால் துடைத்தார். வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. கீழே பேக்கரியிலிருந்து மீன் அடைத்த மாலுபாண் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம், பசி நேரம். அந்த வாசனை இல்லாதிருந்தால் எங்கள் அமைதிக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

“இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில் ஒரு சமூகத்தின் வரலாறே கிடக்கிறது” என்றார் டொக்டர், அதுவும் ஆங்கிலத்தில்தான். “ஏன் பிந்தி வந்தாய் என்று துரை கேட்கிறான். அவளிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவளிடம் மொழியே இல்லை. தலையை மட்டும் நிமிர்த்துகிறாள். அவளுக்குப் பதிலாக வானம் பேசுகிறது.”

அந்தக் கதையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியவள் நான். எனக்குத் தெரிந்து மாரியாயி பதில் சொல்லியிருந்தாள். ஒரு முழுப் பக்கத்துக்கு, துரையும் கணக்கப்பிள்ளையும் வாயடைத்து நிற்கும்படி சொல்லியிருந்தாள். நான் மொழிபெயர்க்கத் திணறியதே அந்தப் பக்கத்தில்தான்.

கையிலிருந்த பிரதியைப் புரட்டினேன். பக்க எண்கள் வரிசையாகத்தான் இருந்தன. மாரியாயியின் பேச்சை மட்டும் காணோம். துரையின் கேள்வி, அவள் நிமிர்ந்த தலை, உடனே மழை.

கையை உயர்த்தினேன். “சேர், இந்த இடத்தில் ஒரு பக்கம் இல்லை.”

டொக்டர் கண்ணைத் திறந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அற்புதம்! எல்லோரும் கவனியுங்கள். இல்லாத பக்கம்! சந்திரா சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதிக்கொண்டார்கள்.

ஒப்பாரிப் படிப்பு

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர், “உங்களுக்கு யாரையுமே பிடிக்காதா?” என்று கேட்டிருந்தார். பிடிக்கும். பிடித்தவர்களைப் பற்றி எழுத அவ்வளவாக ஒன்றும் இருப்பதில்லை.

அந்தக் காலத்தில் நான் கண்டியில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளர் ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்கு முதுமாணிப் பட்டம், அதாவது எம்.ஏ., வேண்டும். அப்போதுதான் ஞாயிறு பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒப்பிலக்கியமும் பண்பாடும், பட்டப்பின்படிப்பு, வார இறுதி வகுப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை அந்த நாட்டுக்காரர்களே கேள்விப்பட்டிருப்பார்களோ தெரியாது.

நிலையத்தின் பெயர் வேண்டாம். அது மூடி வெகுகாலம் ஆகிறது. அந்த மாடியில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லும் ஒருவர் கடைசியில் அந்த அறைக்கு வந்து சேர்ந்ததில் எனக்குத் திருப்தி.

அம்மா அப்போது என்னோடு கட்டுகஸ்தோட்டையில் இருந்தார். அவருக்கு இந்தப் படிப்பு விளங்கவில்லை.

“அதென்னாடி ஒப்பு? ஒப்பாரி வைக்கவா சனிக்கெழம தவறாம பஸ் ஏறுற?”

“ஒப்பாரி இல்லம்மா. ஒரு நாட்டுக் கதையையும் இன்னொரு நாட்டுக் கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறது.”

“பாத்து?”

அந்தக் கேள்விக்கு டொக்டரிடமும் பதில் இருந்திருக்காது.

அம்மா கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் அவர் வாயில் விழாத ஆள் இல்லை. மேல் மலையில் நின்று அவர் கங்காணியைத் திட்டினால் கீழே லயத்தில் நாங்கள் சோறு வடிக்கிற நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். பக்கத்து மலைப் பெண்களும் அப்படித்தான். வேலையும் வசையும் சிரிப்பும் ஒரே மூச்சில் நடக்கும். இவர்களுக்கு மொழி இல்லை என்று ஒருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்ல, நான் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது.

டொக்டரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். நாங்கள் அவரை ‘டொக்டர்’ என்றுதான் சொல்வோம். தாய் தகப்பன் யாழ்ப்பாணம். வளர்ந்தது கொழும்பு, பிறகு இங்கிலாந்து. கதர் ஜிப்பா, தோளில் ஓலைப்பை, காலில் தோல் செருப்பு. பார்த்தால் அசல் தமிழறிஞர். தமிழ் ஓரளவு பேசுவார். வாசிக்கத் தெரியாது. தமிழ் எழுத்துகளில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஆய்த எழுத்து ஒன்றுதான், மூன்று புள்ளி என்பதால் மறக்காது என்று ஃபரீனா சொல்வாள்.

ஃபரீனா என்னோடு படித்தவள். கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய வாப்பாவுக்குப் புடவைக்கடை. அவளும் ஆசிரியை. இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் போவோம். போகும்போது டொக்டரைக் கிழிப்பதற்குப் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை நேரம் இருக்கும். வாகன நெரிசல் என்றால் இன்னும் விசேஷம்.

வாங்கவும் வாங்கோவும்

டொக்டர் ஒரு பெரிய கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். மூன்று நாடுகளின் கதைகளில் ஒடுக்கப்பட்ட பெண்களின் மௌனம். ஆபிரிக்காவிலிருந்து ஒரு கதையும் கரிபியன் தீவிலிருந்து ஒரு கதையும் கையில் இருந்தன. மூன்றாவதுக்கு ஆள் தேடினார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தமிழிலேயே கேட்டார்.

“சந்திரா, உம்மட ஆக்கள் எழுதின கதை ஏதும் இருக்கோ? தேயிலையைப் பற்றி?”

உம்மட ஆக்கள். நான் சின்ன வயதில் கேட்ட அதே தொனி.

சின்ன வயதில் கேட்டது இப்படி. தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து கண்டிப் பாடசாலைக்கு வந்த புதிதில், வகுப்பாசிரியை உள்ளே நுழைந்தார். வடபகுதிக்காரர். நான் எழுந்து “வாங்க மிஸ்” என்றேன். “வாங்கிறது கடையில. ஆக்களை வரச் சொல்லுறதெண்டால் ‘வாங்கோ’” என்றார். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க அந்த ஆசிரியை வரும்போது நான் வாயைத் திறக்காமல் எழுந்து நிற்பேன். டொக்டர் அதைப் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு கட்டுரை எழுதியிருப்பார்.

போகட்டும். கதை இருக்கிறது என்று சொன்னேன். எனக்கே கொஞ்சம் பெருமை. ராமையா அண்ணனின் தொகுப்பிலிருந்து ஒரு கதையைத் தேர்ந்தேன்.

ராமையா அண்ணன் ‘பனிமலையான்’ என்ற பெயரில் எழுதுகிறவர். தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து, காப்புறுதி முகவராக இருந்தார். கடுகண்ணாவையில் வீடு. வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டி, கையில் தோல்பை. தமிழ் வாசிக்கத் தெரியாத டொக்டர் ஜிப்பாவில் திரிய, தமிழைத் தவிர வேறெதிலும் எழுதத் தெரியாத ராமையா அண்ணன் கழுத்துப்பட்டியில் திரிந்தார். தொகுப்பைச் சொந்தச் செலவில் போட்டிருந்தார். காப்புறுதி எடுக்கிறவர்களுக்கு ஒரு பிரதி இலவசம். அப்படித்தான் எனக்கும் கிடைத்தது.

கதை சின்னக் கதைதான். மாரியாயியின் குழந்தை இரவில் இறந்துபோகிறது. காலையில் புதைத்துவிட்டு அவள் மலைக்கு வருகிறாள். பிந்திவிட்டது. அன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோருக்கும் முன்னால் துரை அவளை நிறுத்திக் கேட்கிறான். அவள் பதில் சொல்கிறாள். கூடையைக் கவிழ்த்துவிட்டு மழையில் நடந்து போகிறாள். அவ்வளவுதான்.

அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“எம்புள்ளைய மண்ணுல வச்சுட்டு வாறேன் தொரே. வெரசா போயிருன்னு அதுக்கிட்ட சொல்லவா முடியும்? நேத்து லீவு கேட்டேன், கணக்கப்புள்ள சிரிச்சாரு. கூடைக்குக் கழிச்சீங்க. தண்ணிக்குக் கழிச்சீங்க. இந்தாங்க, எம்புள்ளையையும் கழிச்சுக்கங்க.”

இப்படித் தொடங்கி ஒரு பக்கம் போகும். கொழுந்தை நிறுக்கும்போது கூடையின் பாரத்தையும் ஈரத்தையும் கழிப்பார்கள்; அந்தக் ‘கழிச்சுக்கங்க’ என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் உட்கார வைக்க நான் ஒரு பாடசாலை விடுமுறையைச் செலவழித்தேன்.

ஒட்டிக்கொண்ட தாள்

இல்லாத பக்கத்தை எல்லோரும் எழுதிக்கொண்ட அந்த வகுப்பு முடிந்த கையோடு ஃபரீனாவை இழுத்துக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்த டைப் அடிக்கும் கடைக்குப் போனேன். நான் கையால் எழுதிக் கொடுத்த தாள்கள் அங்கேயே ஓர் உறையில் கிடந்தன. இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டைப் அடித்த பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

“பசை பட்டிருச்சு மிஸ். கவனிக்கல. புதுசா அடிச்சுத் தாறேன், சும்மாவே.”

அப்போதே அடித்துத் தந்தாள். மொத்தக் கதையில் தன் பிழைக்கு வெட்கப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன். அவர் அறையில் ஒரு பெரிய அலுமாரி, அதில் பல நாட்டுப் புத்தகங்கள். கதிரையில் சாய்ந்துகொண்டு வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தையைக் கழிக்கச் சொல்லும் இடம் வந்தால் நிச்சயம் ஏதாவது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை. கல்லுக்கும் நடக்கும்.

வாசித்து முடித்தார். மேசையில் வைத்தார்.

“பலவீனமாக இருக்கிறது. அவள் வாயைத் திறந்ததும் கதை செத்துவிடுகிறது.”

“சேர், அதுதான் கதை.”

“அது எழுத்தாளர் நினைத்த கதை. நாங்கள் படிப்பது பிரதியை. எழுத்தாளர் என்ன நினைத்தார் என்பது நமக்கு முக்கியமில்லை.”

“டைப் அடித்த பிள்ளை இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறாள், சேர். அவ்வளவுதான் நடந்தது.”

“பிரதி தன்னைத் தானே எழுதிக்கொள்வதற்கு எத்தனையோ வழிகள் உண்டு.”

நான் அசையாமல் நின்றதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். கட்டுரையை வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்பிவிட்டாராம். ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாரியாயி பேசினால் டொக்டருக்கு விமானப் பயணம் இல்லை.

“உமக்கு அவ்வளவு சந்தேகமெண்டால் எழுத்தாளரைக் கூட்டிக்கொண்டு வாருமன்” என்றார் தமிழில். “வகுப்பிலேயே கேப்பம்.”

எழுத்தாளர் நினைத்தது முக்கியமில்லை என்று சொல்லி வாய் மூடவில்லை. ஆனாலும் நான் சந்தோஷப்பட்டேன். படியிறங்கும்போது ஃபரீனாவிடம் “வசமா மாட்டிக்கிட்டாரு” என்றேன்.

“யாரு?” என்றாள் அவள். அவள் என்னைவிடப் புத்திசாலி.

கடுகண்ணாவையில்

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் கோச்சி பிடித்துக் கடுகண்ணாவைக்குப் போனேன். ராமையா அண்ணன் சாரமும் பெனியனுமாக முற்றத்தில் கோழிக்கூட்டுக்குக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுத்தியலைக் கீழே போட்டார்.

“என் மாரியாயிய ஊமையாக்கிட்டானா?”

“மழை அவளுக்காகப் பேசுதாம்ணே.”

“மழ பேசுதா? அன்னிக்கு வெயிலும்மா! நான்தான் முடிவுக்கு ஒரு அழகுக்காக மழயப் போட்டேன்.”

அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. கதை அவருடைய அக்காவின் கதை. முத்தம்மா அக்கா. குழந்தையைப் புதைத்த கையோடு மலைக்குப் போனவரும் அவரே, மடுவத்தில் நின்று அந்த வார்த்தைகளைச் சொன்னவரும் அவரே. ராமையா அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கொழுந்துக் கூடைகளுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

“ஒரு வார்த்த நான் சேக்கலம்மா. அக்கா சொன்னத அப்புடியே எழுதுனேன். அதுக்காகத்தான் மறுநாளே வேல இல்லன்னு பத்துச்சீட்டு குடுத்துத் தோட்டத்த விட்டு வெரட்டுனாங்க. மூணு தோட்டம் ஏறி எறங்குனோம், எவனும் பேர் பதியல. வாய்க்காரி குடும்பமுன்னு சொல்லிட்டானுங்க.”

பேசும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “கத்தாதீங்க, பிரஷர் ஏறும்” என்றார்.

“நான் வாறேம்மா. வந்து சொல்றேன். டொக்டர் இல்ல, அவுங்க அப்பன் வந்தாலும் சொல்றேன்.”

திரும்பி வரும்போது கோச்சியில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

கழுத்துப்பட்டி கட்டிய சாட்சி

அந்தச் சனிக்கிழமை ராமையா அண்ணன் சலவை செய்த சட்டையில் வந்தார். நீலக் கழுத்துப்பட்டியில் புதிதாக ஒரு ஊசி. டொக்டர் படிவரை இறங்கிவந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் மெத்தை வைத்த கதிரை. கீழே பேக்கரியிலிருந்து பற்றிஸும் கேக்கும் வந்தன. எங்களுக்கு அதுவரை அந்த நிலையத்தில் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

டொக்டர் ஆங்கிலத்தில் பேசுவார், நான் ராமையா அண்ணனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இதைவிட நேர்மையான வழி எனக்கும் தோன்றவில்லை. ஒப்புக்கொண்டேன்.

டொக்டர் ஆரம்பித்தார். இந்தக் கதையை ஆபிரிக்காவின் சிறந்த கதை ஒன்றுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார். சொன்னேன். எழுத்தாளர் ஒரு பேச்சுக்கூட இல்லாமல் ஒரு நூற்றாண்டின் வலியைச் சொல்லிவிட்டார் என்றார். சொன்னேன். இந்தக் கதை வெளிநாட்டில் அச்சாகும், எழுத்தாளரின் படத்தோடு என்றார். அதையும் சொன்னேன். ‘உலகத்தரம்’ என்ற சொல்லை நான் வாயால் உச்சரித்தபோது ராமையா அண்ணனின் முதுகு கதிரையில் நிமிர்ந்ததைப் பார்த்தேன். என் குரலில்தான் அவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு சொல்லைக் குறைத்திருக்கலாம். ஒரு மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்யக் கூடாது என்று அதே டொக்டர்தான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்.

கடைசியில் டொக்டர் கேட்டார். “இந்த மௌனத்தை நீங்கள் திட்டமிட்டுத்தான் வைத்தீர்களா?”

தமிழில் கேட்டேன். இந்தக் கேள்விக்குத்தானே அவர் கடுகண்ணாவையிலிருந்து வந்திருந்தார். நான் ஒட்டிக்கொண்ட தாளின் பிரதியைக்கூடக் கையில் தயாராக வைத்திருந்தேன்.

ராமையா அண்ணன் என்னைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். தட்டிலிருந்த கேக்கைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“மௌனந்தாங்க பெரிய பேச்சு” என்றார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் மேசையில் தட்டினார்.

நான் விடவில்லை. தமிழில் அவரிடமே கேட்டேன். “அண்ணே, முத்தம்மா அக்கா பேசுனது? இந்தா இருக்கே, இந்தப் பக்கம்?”

“அது வந்தும்மா… அது அந்தக் காலத்துல எழுதுனது. எழுத்தாளன் வளந்துகிட்டே இருப்பான்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் டொக்டர்.

சொன்னேன். வகுப்பு கை தட்டியது. என் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பஸ் பாலத்துக்குக் கிட்ட வந்ததும் ஃபரீனா சொன்னாள்.

“ஒங்கட அண்ணன் ஒரு பற்றிஸ் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எவ்வளவு வளந்துட்டார், பாத்தீங்களா?”

நான் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், நான் வசதியாக அழட்டும் என்று.

டிப்ளோமா

ஆண்டிறுதி ஆய்வுக்கட்டுரைக்கு எல்லோருக்கும் ஒரே தலைப்பு: அந்தக் கதையில் மௌனம். நான் இல்லாத பக்கத்தைப் பற்றி எழுதினேன். மாரியாயி என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், அதை எடுத்துவிட்டால் யாருக்கு வசதி. கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன்.

டொக்டர் கூப்பிட்டார்.

“நீர் கெட்டிக்காரி. ஏன் இப்பிடி அடம்பிடிக்கிறீர்? கடைசிப் பகுதியை மாத்தித் தாரும். பாஸ் போட்டு விடுறன்.”

“அவ பேசியிருக்கா சேர்.”

“ஓம், ஓம். ஆனா அது இப்ப ஒருத்தருக்கும் தேவையில்லை.”

மாற்றவில்லை. எனக்கு முதுமாணிக்குப் பதிலாக டிப்ளோமா கிடைத்தது. கலாசாலை வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தேர்வில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முதுமாணிக்குத் தானே சேர்ந்தீங்க?” என்று கேட்டார்கள். ஓய்வு பெறும்வரை நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் வருத்தமில்லை என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். எனக்கு வருத்தம்தான்.

ஃபரீனா அதிகப் புள்ளிகளோடு விசேட சித்தி பெற்றாள். என்னிடம் ஒளிக்கவில்லை.

“எனக்கு ஏலா சந்திரா, இவரோட மல்லுக்கட்ட. மழையப் பத்தி எழுதச் சொன்னா எழுதிட்டுப் போறன். கண்டியில மழைக்கா பஞ்சம்?”

அவளோடு எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தான் எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்பவில்லை. நம்பியவர்கள்மீதுதான் எனக்கு எரிச்சல். அவர்களில் இருவர் இப்போது பேராசிரியர்கள்.

இரண்டாம் பதிப்பு

சில வருடங்கள் கழித்து ராமையா அண்ணனின் தொகுப்புக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. இந்த முறை சொந்தச் செலவில்லை. டொக்டரின் நீண்ட முன்னுரையை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். கண்டியில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. அழைப்பிதழ் வந்தது. போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். இந்த மாதிரி இடங்களுக்குப் போகாமல் இருக்க எனக்கு இன்றுவரை முடிவதில்லை.

குத்துவிளக்கு, வாழ்த்துரை, நயவுரை எல்லாம் முடிந்தபின் ராமையா அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தார். “என் மாரியாயி வேற யாருமில்ல. என்னோட அக்கா. இந்தா முன்னால உக்காந்திருக்காங்க” என்றார். கைதட்டல் அடங்கவில்லை. முத்தம்மா அக்காவை மேடையேற்றினார்கள். கம்பளைப் பக்கம் மகன் வீட்டில் இருந்தவரைக் காரில் கூட்டி வந்திருந்தார்கள். ஒடிசலான உடம்பு, புதுச் சேலை, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற நடை. பொன்னாடை போட்டார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள்.

டொக்டர் எழுந்து கைகூப்பித் தலை வணங்கினார். “சுகமோ அம்மா?” என்று ஒலிவாங்கியில் கேட்டார். முத்தம்மா அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஒலிவாங்கி அடுத்த பேச்சாளரின் கைக்குப் போய்விட்டது.

அவர் இறங்கி வந்தபோது முன்வரிசையில் அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. கூட்டி வந்து உட்கார வைத்தேன். யாருடைய மகள், எந்தத் தோட்டம் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது தாயி. அன்னிக்கு நான் பேசுனத தம்பி அப்புடியே எழுதியிருக்கானாமே? வாசிச்சுக் காட்டேன். எம்புள்ள பேரு கூட நான் சொன்னேன், அது இருக்கா பாரு.”

குழந்தையின் பெயர் எனக்குத் தெரியும். முதற்பதிப்பில் இருந்தது.

புரட்டினேன். துரையின் கேள்வி இருந்தது. அடுத்த வரி: ‘மாரியாயி தலையை நிமிர்த்தினாள்.’ அதற்கடுத்த வரி: ‘மழை பிடித்துக்கொண்டது.’ டைப் கடைப் பசை தமிழுக்கும் வந்து சேர்ந்திருந்தது. முன்னும் பின்னும் தேடினேன். இடம் மாற்றி வைத்திருப்பாரோ என்று ஒரு நப்பாசை. இல்லை.

“எந்தப் பக்கம் தாயி?”

கண்ணில்லாதவரை ஏமாற்றுவது போல அந்தப் பக்கத்தை வாயால் சொல்லிவிடலாம். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. கண்ணீர்கூட வந்திருக்கும் அவருக்கு. வீட்டுக்குப் போய் மகனிடம் காட்டி வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

“இதுல இல்லக்கா. மொதப் புத்தகத்துல இருந்துச்சு. இதுல எடுத்துட்டாங்க.”

“யாரு எடுத்தது?”

“தம்பிதான்.”

முத்தம்மா அக்கா மேடையைப் பார்த்தார். ராமையா அண்ணனும் டொக்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, படம் பிடிக்கிறவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு நான் பேசுனதுக்குத் தொரை பத்துச்சீட்டு குடுத்தான்” என்றார். “இவன் எதுக்கு தாயி குடுத்தான்?”

புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பொன்னாடையைக் கழற்றி நான்காக மடித்துக் கதிரையில் வைத்தார். புத்தகத்தை அதன்மேல் வைத்தார். “என்னைய பஸ்ஸுல ஏத்தி விட்டுரு” என்றார். டொக்டர் பேசத் தொடங்கியிருந்தார். நாங்கள் நடுவழியால் எழுந்து நடந்தோம். ராமையா அண்ணன் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

குட்ஷெட் பஸ் நிலையம்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஏதாவது சொல்வார், தம்பியைத் திட்டுவார், டொக்டரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது எனக்கு. கம்பளை பஸ் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வெளியே நின்ற என்னிடம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் குழந்தையின் பெயரைச் சொன்னார்.

“ராசாத்தி. மறந்துறாத.”

பஸ் புறப்பட்டது.